மதுவா, புகையிலையா: எது பெருங்கேடு?

2025 செப்டம்பரில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், சிகரெட், குட்கா முதலியவற்றை 40 சதவீத வரிக்குள் கொண்டுவருவதென்று தீர்மானித்த அதே அமர்வில், ஏழை மனிதன் புகைக்கும் பீடியின் வரியை மட்டும் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைப்பதென்றும் தீர்மானித்தது. மதுவோ அந்த மன்றத்தின் அதிகார எல்லைக்கே வராமல் மாநிலங்களின் தனி வருமானமாக நிலைபெற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் டாஸ்மாக் கடைகளின் வழியாக ஆண்டொன்றுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கருவூலத்துக்கு வந்து சேருகிறது. ஒன்றுக்குக் கடும் வரி, ஒன்றுக்குச் சலுகை, ஒன்றுக்கு அரசாங்கமே விற்பனையாளர் என்று மூன்று விதமாக நடத்தப்படும் இப்பொருள்களில் எது தேகத்துக்கு அதிகத் தீங்கு செய்கிறது என்ற கேள்வி, சாதாரண ஜனங்களின் ஆயுளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வியாகும்.

இந்தக் கேள்வியை நம்மவர்கள் டீக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. "எனக்குப் பீடியோடு சரி, சரக்கு தொடமாட்டேன்" என்று ஒருவர் சொல்ல, "வாரத்துக்கு ஒரு நாள் ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான், சிகரெட் நாற்றமே ஆகாது" என்று மற்றவர் சொல்ல, இருவரும் தத்தம் மனத்துக்குச் சமாதானம் தேடிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அடுத்தவனுடைய பழக்கம் நம்முடையதைவிடக் கொடியது என்று நிச்சயித்துக்கொள்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதிக்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் உண்டா என்பதைத்தான் இங்கே ஆராய வேண்டியிருக்கிறது.

உயிர்களின் கணக்கு

இறந்தவர்களை எண்ணிப் பார்ப்பதே அளவுகோலானால் விடை தெளிவானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி புகையிலையால் உலகெங்கும் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மரணமடைகிறார்கள். அவர்களில் 10 லட்சத்துக்கு அதிகமானோர் தாம் புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்த குற்றத்துக்காகவே உயிரிழந்தவர்கள். இந்தியாவில் மட்டும் புகையிலையால் இறப்பவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 13.5 லட்சம். மதுவினால் 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் நேர்ந்த மரணங்கள் 26 லட்சம் என்று அதே நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

புகையிலையின் கொடுமை முழுவதும் அறியப்பட்டதற்குக் காரணமாயிருந்தது, பிரிட்டனில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் 1951 இல் தொடங்கிய நீண்ட ஆராய்ச்சியாகும். அவர்கள் ஆராய்ந்தது 34 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்களை. வைத்தியம் அறிந்தவர்களும் வசதியுள்ளவர்களுமான அம்மனிதர்களின் பழக்கங்களையும் மரணங்களையும் 50 ஆண்டுக் காலம் விடாமல் குறித்துவந்ததன் பயனாக, சிகரெட்டை விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள் என்பது 2004 இல் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. பழக்கத்தை விடாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அப்பழக்கமே கொல்கிறது. வேறெந்த நுகர்பொருளைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது.

அதே ஆராய்ச்சி ஓர் ஆறுதலான செய்தியையும் தந்தது. 30 வயதில் புகைப்பதை நிறுத்தியவர் இழக்கவிருந்த 10 ஆண்டுகளையும் ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறார். 40 வயதில் நிறுத்தினால் 9 ஆண்டுகள், 50 இல் 6, 60 இல் 3. "இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இனி விட்டு என்ன பிரயோஜனம்" என்று கேட்கும் பெரியவருக்கு இதைக் காட்டிலும் நல்ல பதில் இல்லை.

பீடிக்கு ஏன் கருணை?

பிரிட்டிஷ் மருத்துவர்களின் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு, நம் ஊரிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் அவருடைய சகாக்களும் சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன 43 ஆயிரம் ஆண்களின் பழக்கங்களை விசாரித்து, உயிரோடிருந்த 35 ஆயிரம் பேருடைய பழக்கங்களோடு ஒப்பிட்டு, 2003 இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். நகரத்தில் சிகரெட்டும் கிராமத்தில் பீடியும் மிகுதியாக இருந்தன. ஆயினும் பலன் ஒன்றாகவே இருந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் அபாயம் புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்கு என்று அந்த ஆராய்ச்சி காட்டிற்று.

மேல்நாட்டில் புகை என்றால் நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும் நினைவுக்கு வரும். நம் நாட்டிலோ, தேகத்தில் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைப் புகை தட்டி எழுப்பிவிடுகிறது. புகைப்பவன் இருமும்போது அக்கிருமி, ஒரே அறையில் படுத்துறங்கும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பரவுகிறது. ஆகவே, ஒரு மனிதனின் பீடி அவனுடைய சொந்த விஷயம் என்று சொல்வதற்கு இடமில்லை.

பீடியில் புகையிலை குறைவு, சுற்றியிருப்பது வெறும் இலைதானே என்று எண்ணுவது பெரும் பிழை. அந்த இலையில் சிகரெட் காகிதத்தைப்போல் காற்று எளிதில் ஊடுருவுவதில்லை. அடிக்கடி இழுக்காவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். அதனால் புகைப்பவன் ஆழமாகவும் விரைவாகவும் இழுக்கிறான். சிகரெட்டைவிட அதிகமான தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் உள்ளே செல்கின்றன.

வரியைக் குறைத்ததற்குச் சொல்லப்படும் நியாயம் தொழிலாளர்களின் ஜீவனம் என்பது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர் வட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்தவர்கள் அந்த நியாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுவது; வரி குறைந்தால் அக்கூலி உயரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் தீர்மானத்தில் இல்லை. நாள் முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசிப்பதாலும், விரல் தோல் வழியாக நிகோடின் ஏறுவதாலும் அவர்களுக்கு வரும் இருமலுக்கும் தலைச்சுற்றலுக்கும் அதில் பரிகாரம் இல்லை. ஏழைத் தொழிலாளியின் பெயரைச் சொல்லி, அவளுடைய கணவனின் நுரையீரலைக் கெடுக்கும் பொருளை மலிவாக்குவது தர்மமாகாது.

வாயில் அடக்கும் விஷம்

புகையில்லாத புகையிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2016-17 இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுபவர்களும் அடக்கிக்கொள்பவர்களும் 21.4 சதவீதம், அதாவது இரு மடங்கு. இந்திய ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. புகையிலை கலக்காத வெறும் கொட்டைப்பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இலேயே வகைப்படுத்திவிட்டது.

பாக்கும் புகையிலையும் சேர்ந்த பொட்டலங்களை மெல்லும் இளைஞனுக்கு முதலில் தெரியும் அறிகுறி வலி அன்று. காரம் சாப்பிட்டால் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் நார்போல இறுகியிருக்கும். பிறகு வாய் திறப்பது குறையும். பல் வைத்தியர்கள் செய்யும் எளிய பரிசோதனை ஒன்றை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம்: சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் நுழைத்தால் நுழைய வேண்டும். இரண்டு விரல்தான் போகிறது என்றால், அந்த வாரமே அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ஆறாத புண்ணுக்கும், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டுக்கும் இதே விதி.

இப்பொட்டலங்களைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2013 முதல் ஆண்டுதோறும் உத்தரவிட்டுத் தடை செய்து வருகிறது. அந்த உத்தரவை 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்ய, அந்தத் தீர்ப்பை ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தடை இருக்கிறது, பெட்டிக்கடையின் மறைவில் சரக்கும் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பை வரைக்கும் அது போய்ச் சேருகிறது.

ஒரு குவார்ட்டரில் என்ன இருக்கிறது?

இனி மதுவுக்கு வருவோம். டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றின் சீட்டில் 42.8 சதவீதம் என்று சாராயத்தின் வீரியம் அச்சிடப்பட்டிருக்கும். குவார்ட்டர் என்று வழங்கும் 180 மில்லி போத்தலில், அந்தக் கணக்குப்படி, கலப்பற்ற சாராயம் ஏறத்தாழ 77 மில்லி; எடையில் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் அருந்துவதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று கணக்கிடுகிறது. ஆகவே, "ஒரு குவார்ட்டர்தான்" என்று நம் நாட்டில் மிதமாகக் கருதப்படும் அளவே வைத்திய கணக்கில் மிகைக்குடியின் வாசலாக இருக்கிறது. இதைக் குடிப்பவரும் அறியார், விற்பவரும் சொல்வதில்லை.

ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் சாராயத்தையே எரித்துத் தீர்க்க வல்லது. இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவர், விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு லாரியை எடுக்கும்போதும் அவருடைய இரத்தத்தில் மது மிச்சமிருக்கக்கூடும். எலுமிச்சம் பழமும் மோரும் கருப்புக் காப்பியும் இந்தக் கணக்கை ஒரு நிமிஷமும் குறைக்க மாட்டா.

குடியின் முதல் பலி ஈரல். முதலில் அதில் கொழுப்பு படிகிறது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பிறகு வீங்குகிறது; பிறகு தழும்பேறிச் சுருங்கி இறுகுகிறது. அதற்குப் பின் வருவதை நம் மாவட்ட மருத்துவமனைகளின் ஆண்கள் பிரிவில் எந்நாளும் காணலாம்: கைகால்கள் குச்சியாக மெலிந்து, வயிறு மட்டும் பெரிதாக ஊதி, கண் மஞ்சளித்து, முதுகைத் தலையணையில் சாய்த்தபடி மூச்சுக்குத் திணறும் நாற்பது வயது மனிதர். முன்னோர் மகோதரம் என்று அஞ்சிய நிலை இதுதான். வயிற்றில் ஊசி குத்தி லிட்டர் கணக்கில் நீரை இறக்குகிறார்கள். சில வாரங்களில் மறுபடியும் நிறைந்துவிடுகிறது. ஒரு நாள் இரத்த வாந்தி வருகிறது. பக்கத்தில் விசிறிக்கொண்டு நிற்கும் மனைவிக்குப் பெரும்பாலும் முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

அந்த வயதுதான் இந்த ஒப்பீட்டின் முக்கியமான அம்சம். புகையிலை பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பிறகு கொல்கிறது. மதுவோ வாலிபத்திலேயே கொல்கிறது. மதுவினால் இறப்பவர்களின் விகிதம் 20 முதல் 39 வயது வரையுள்ளவர்களிடையே மிக அதிகம் என்று மேற்சொன்ன உலக சுகாதார நிறுவன அறிக்கை காட்டுகிறது. 26 லட்சம் மரணங்களில் 7 லட்சத்துக்கு மேற்பட்டவை விபத்து, தற்கொலை, அடிதடி போன்றவற்றால் நேர்ந்தவை. இரு சக்கர வாகனத்தில் எதிரே வந்தவர் குடித்திருந்தார் என்பதற்காக, தாம் ஒரு துளியும் குடிக்காத ஒருவர் மடிகிறார்.

2010 இல் பேராசிரியர் டேவிட் நட்டும் அவருடைய சகாக்களும் பிரிட்டனில் புழங்கும் 20 போதைப்பொருள்களை, உபயோகிப்பவருக்கு வரும் தீங்கு, பிறருக்கு வரும் தீங்கு என்று 16 அளவைகளால் நிறுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 72 புள்ளிகளுடன் மது முதலிடத்தில் நின்றது. ஹெராயின்கூட அதற்குப் பின்னால்தான். புகையிலைக்குக் கிடைத்தது 26. இது நிபுணர்கள் கூடிச் செய்த மதிப்பீடேயன்றி மரணங்களை எண்ணிய கணக்கன்று. ஆயினும் அடி வாங்கும் மனைவி, பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளை, அடகு வைத்த தாலி ஆகியவற்றையும் தீங்கு என்று எண்ணத் தொடங்கினால் தராசு மதுவின் பக்கம் சாயும் என்பதை அது நன்றாக விளக்குகிறது.

அளவோடு குடித்தால் இருதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். பழைய ஆராய்ச்சிகள் பலவற்றில், நோயின் காரணமாகக் குடியை விட்டவர்களும் குடிக்காதவர்கள் என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதனால் குடிக்காதவர்கள் நோயாளிகளாகவும் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் ஆரோக்கியசாலிகளாகவும் தோற்றமளித்தார்கள். அந்தப் பிழையை நீக்கிப் பார்த்தபோது நன்மை பெரும்பாலும் மறைந்துபோயிற்று. அபாயமில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

இரண்டும் கூடும்போது

எது பெருங்கேடு என்ற கேள்விக்கு என்னுடைய விடையைச் சொல்லிவிடுகிறேன். உயிர்களை எண்ணினால் புகையிலை. குடும்பங்களை எண்ணினால் மது. தனியொரு மனிதனின் தேகத்தைப் பார்த்தால், இரண்டும் சேர்ந்திருப்பதே எல்லாவற்றிலும் கொடியது.

மது வயிற்றில் விழுந்ததும் தேகம் அதை அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. அது உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. புகையில் புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனங்கள் ஏறத்தாழ 70 உண்டு. வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றின் மெல்லிய சவ்வை மது இளக்கிவிடுவதால் அவை சுலபமாக உள்ளே இறங்குகின்றன. ஆகவே இரு பழக்கமும் உள்ளவரின் அபாயம், இரண்டையும் கூட்டினால் வரும் தொகையைக் காட்டிலும் பல மடங்காகப் பெருகுகிறது. பாருக்குள் ஒரு கையில் பிளாஸ்டிக் டம்ளரும் மறு கையில் சிகரெட்டுமாக உட்கார்ந்திருக்கும் வழக்கமே தொண்டைப் புற்றுநோய்க்கு நேர்வழி. பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதி 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் அமலில் இருக்கிறது. நம் பார்களில் அந்த விதியை நினைவுபடுத்துவார் யாருமில்லை.

எச்சரிப்பதில் பாரபட்சம்

சிகரெட் பெட்டியின் இருபுறமும் 85 சதவீதப் பரப்பைப் புற்றுநோய்ப் படமும் எச்சரிக்கையும் நிறைக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. மதுப் போத்தலுக்கு 2019 ஏப்ரலில் அமலுக்கு வந்த தேசிய விதி கேட்பதெல்லாம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் ஒரு வாசகம். அதில் புற்றுநோய் என்ற பேச்சே இல்லை. மதுவோ புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தால் 1988 இலேயே முதல் வகையில் சேர்க்கப்பட்டாயிற்று. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய ஏழிடங்களில் அது புற்றுநோய் விளைவிக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் குடிப்பவருக்கு இச்செய்தி சொல்லப்படவில்லை. அயர்லாந்து 2023 இல் இதற்கென ஒரு விதியைச் சட்டமாக்கியது. வியாபாரிகளின் நெருக்குதலுக்கு நடுவே அதன் அமலை 2028 க்குத் தள்ளிவைத்துவிட்டது.

நம் மாநிலத்தில் நெருக்குதலுக்கு அவசியமே இல்லை; விற்பவர் அரசாங்கம். வருமானம் போய்விடுமே என்ற கவலை இன்று தோன்றியதன்று. 1937 இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி, அதனால் வந்த நஷ்டத்தை ஈடுகட்டுவதற்காக 1939 இல் விற்பனை வரியை விதித்தார். மதுப் பணத்துக்கு மாற்றாகப் பிறந்த அந்த வரியின் வழித்தோன்றல்களும் இன்று இருக்கின்றன. மதுப் பணமும் இருக்கிறது.

முழு மதுவிலக்கு நாளையே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 க்கும் மேற்பட்டோர் பலியானதைப் பார்த்த பிறகு, கள்ளச்சாராயத்தின் அபாயத்தைப் பேசாமல் மதுவிலக்கைப் பேசுவது பொறுப்பாகாது. ஆனால் விற்கும் கை உண்மையையும் சொல்ல வேண்டும் என்று கேட்பதற்கு மதுவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நிறுத்துவதிலும் ஒரு வேற்றுமை

இரண்டு பழக்கங்களுக்கும் இடையே உள்ள மிகப்பெரிய வேற்றுமை, குடும்பத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வேற்றுமை, அவற்றை விடும் முறையில் இருக்கிறது. புகையிலையை இன்று இந்த நிமிஷமே நிறுத்தலாம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், மலச்சிக்கல் வரும், சில வாரம் மனம் அலையும். உயிருக்கு அபாயம் எதுவும் இல்லை.

பல வருஷங்களாகத் தினந்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், வலிப்பு வரக்கூடும், இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் பிதற்றுவார். காற்றுக் கருப்பு என்று எண்ணி வீட்டார் மந்திரிக்க அழைத்துச் செல்கிறார்கள். அவர் போக வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் குடிக்காமலிருப்பது மனவுறுதிக்கு நல்ல துணைதான். மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து, நடுக்கத்தைத் தடுக்கும் மருந்தையும் வைட்டமின் பி1 ஊசியையும் போட்டுக்கொண்டால் அந்த விரதம் பத்திரமாக நிறைவேறும்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும்படி விற்கப்படும் மருந்துகளை வாங்கவே கூடாது. சில மருந்துகள் உள்ளே இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆளையே சாய்த்துவிடும். விவரம் அறியாதவர் வழக்கம்போல் குடிப்பார்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பீடிக்குக் கொடுத்த வரிச் சலுகையைத் திரும்பப் பெற்று, அதனால் வரும் தொகையைப் பீடித் தொழிலாளர்களுக்கு வேறு தொழில் பழக்குவதற்கும் அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் மட்டுமே செலவிட வேண்டும்.

சிகரெட், பீடியைச் சில்லறையாக விற்பதைத் தமிழ்நாடு தடை செய்ய வேண்டும். பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட்டை வாங்கி, தொங்கும் கயிற்றின் கங்கில் பற்றவைத்துக்கொண்டு போகும் பையனின் கண்ணில் 85 சதவீதப் படம் படுவதேயில்லை.

மதுப் போத்தல்களில் எச்சரிக்கைப் படமும், புற்றுநோய் என்ற வார்த்தையும், உள்ளே எத்தனை கிராம் சாராயம் என்ற கணக்கும் தெளிவான தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மதுவைக் கொள்முதல் செய்பவர் ஒருவரே என்பதால், ஆலைகளிடம் இதைக் கேட்டுப் பெறும் பலம் அரசாங்கத்துக்கு இருக்கிறது.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள், அத்தோடு புகையிலைப் பழக்கம் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, மூன்று விரல் பரிசோதனையையும் சேர்த்துச் செய்தால், வாய்ப் புற்றுநோய்கள் பலவற்றை முற்றுமுன்னே கண்டுபிடித்துவிடலாம். கேள்வி இரண்டையும் ஒருங்கே கேட்க வேண்டும்; புகைப்பதை விட்டவரை மறுபடியும் இழுத்துச் செல்வது பெரும்பாலும் குடிக்கும் பொழுதுதான்.

டாஸ்மாக் வருமானத்தில் ஒரு நிலையான பங்கைச் சட்டப்படி ஒதுக்கி, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் குடியை நிறுத்துவோருக்கான படுக்கைகளை ஏற்படுத்துவது, விற்கும் அரசாங்கம் செய்தே தீரவேண்டிய கடமை. மாவட்டத் தலைநகர் வரை இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமென்றால், கை நடுங்கும் மனிதர் பாதி வழியில் இறங்கிக் கடைக்குப் போய்விடுவார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புகைப்பவரும் மெல்லுபவரும் இன்றே நிறுத்துங்கள்; துணை வேண்டுமானால் 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். தினமும் குடிப்பவர் தாமாக நிறுத்திப் பார்க்காமல், நாளைக் காலையில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 104 அல்லது 14446 என்ற எண்ணை அழையுங்கள். அவர் தனியே போக மாட்டார் என்று தெரிந்தால், வீட்டில் ஒருவர் கூடவே போங்கள்.